தோட்டத்தில் தொங்கிய யானை

7

யானையைக் காணவில்லை.

வட்டவடைக்கு இது புதிய புகார். யானையைக் கண்டேன் என்று செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. காணவில்லை என்று ஆள் வைத்துத் தேடுவது இதுதான் முதல் தடவை.

"பொலீஸ்ல எழுதிக் குடுத்தா அடையாளம் கேப்பாங்க தாயி. கறுப்பு நிறம், நாலு கால், முன்னாடி ஒரு வால், பின்னாடி ஒரு வால்னு சொல்லிருவமா?" என்றான் பொன்ராஜ், ஜீப்பை வட்டவடையின் கோவிலூர் கடைத்தெருவில் ஓரம் கட்டியபடி.

ஷஹ்லா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போது திரும்பிக்கொண்டாள். அது போதும் பொன்ராஜுக்கு.

மூணாறு கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது ஷஹ்லாவின் துப்பறியும் நிலையம். ஆள் இரண்டே பேர். யோசிக்க அவள், ஜீப்பையும் வாயையும் ஓட்ட பொன்ராஜ். அவன் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அவள் பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரம். அங்கே அவளுடைய அத்தா வைத்திருந்த சிடி கடையில்தான் அவள் டிஸ்க்கில் படம் எழுதும் வித்தையைப் படித்ததே.

இன்று அவளுக்கு அந்தப் படிப்பு தேவைப்பட்டது.

"மணி பத்தரைங்கண்ணா. எத்தனை மணிக்குக் கிளம்புனா மூணு மணிக்கு மூணாறு சேரலாம்?"

"ரோட்டுல யானை இல்லன்னா ஒண்ணு. இருந்துச்சுன்னா அதுகிட்டத்தான் கேக்கணும்."

விஷயம் இதுதான். பதினெட்டு நாளைக்கு முன்னால், விடியற்காலையில், ஊர் முகப்பில் நின்ற வரவேற்பு வளைவு சரிந்து விழுந்தது. கட்டியவர் காய்கறி வியாபாரி சென்னிமலை. வளைவில் 'வட்டவடை' என்று சாண் உயரத்திலும் 'உபயம்: சென்னிமலை' என்று முழ உயரத்திலும் எழுதியிருந்தது. சத்தம் கேட்டு ஊர் கூடியபோது இடிபாட்டில் மூக்கை முட்டிக்கொண்டு வாடகை ஜீப் ஓட்டும் சிலுவைராஜின் ஜீப் நின்றது. முகப்பு விளக்கு உடைந்திருந்தது. இடித்தது அவன்தான் என்று சென்னிமலை புகார் கொடுத்துவிட்டார்.

தள்ளியது யானை என்பது சிலுவைராஜின் கட்சி. எதிரே இருந்த ஸ்டுடியோவின் வாசல் கேமராவும் அவன் கட்சிதான். அதில் பதிந்ததை ஸ்டுடியோக்காரர் ஜோஜோ ஒரு டிவிடியில் எழுதிக் கொடுத்தார். இன்று மூன்று மணிக்கு மூணாறில் போக்குவரத்து ஆபீசர் முன்னால் விசாரணை. படத்தைக் காட்டினால் சிலுவைராஜ் பிழைப்பான். காட்டாவிட்டால் லைசென்ஸ் போகும். ஜீப்பும் லைசென்ஸும் போனால் அவனிடம் மிஞ்சுவது ஸ்டீரிங் பிடித்த பழக்கம் மட்டும்தான்.

நேற்று மாலை சிலுவைராஜ் வீட்டில் அந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். யானை இல்லை. எதுவுமே இல்லை.

*

ஜோஜோ டிஜிட்டல் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவருகே ஒரு காலி அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே சிலுவைராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சிசிலி, கொழுந்து கிள்ளப் போகாமல் லீவு போட்டுவிட்டு வந்த கோபத்தில் நின்றிருந்தாள். ஜோஜோ எண்ணெய் சொட்டும் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். கவலை வந்தால் அவர் பழம்பொரி தின்பார். கவலை இல்லாதபோதும் தின்பார்.

"எவனோ மாத்திட்டான் மேடம்," என்றான் சிலுவைராஜ். "பதினெட்டு நாளா நான் உறையைக்கூடப் பிரிக்கல. பைபிளுக்குள்ள வச்சிருந்தேன்."

"பைபிளுக்குள்ள இருந்தும் அதுல ஒண்ணும் ஏறல. இந்த மனுசனப் போலவே," என்றாள் சிசிலி.

"பென் டிரைவ்ல குடுத்திருக்கலாம்லா?" என்றான் பொன்ராஜ்.

"ஆபீஸ்ல வாங்க மாட்டாவளாம். கம்ப்யூட்டருக்கு வைரஸ் காய்ச்சல் வந்திருமாம். டிவிடிதான் வேணும், அதுவும் ரெண்டுன்னு நேத்துத்தான் சொன்னாவ," என்றான் சிலுவைராஜ்.

ஷஹ்லா டிஸ்க்கை வாங்கினாள். ஓரத்தில் மட்டும் விரல் வைத்துப் பிடித்தாள். வெள்ளை மேற்புறத்தில் 'சிலுவைராஜ் - யானை' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை.

"இது யாருதுங்க?"

ஜோஜோ தன் விரலைப் பார்த்தார். "பழம்பொரி மேடம். கம்ப்யூட்டர் தட்டுல டிஸ்க்க வைக்கும்போது இந்த விரலால அமுக்கித்தான் வைப்பேன். பழகிப்போச்சு."

"கைநாட்டு வச்சுத்தான் சரக்கு அனுப்புவாரு," என்றான் பொன்ராஜ்.

ஷஹ்லா டிஸ்க்கைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். அடிப்புறம் ஊதா நிறத்தில் மின்னியது.

"படம் எத்தனை நிமிஷமுங்க?"

"இருபத்திரெண்டு."

"இதுல உள்ளிருந்து வெளியேதான் எழுதும். எழுதுன இடம் கொஞ்சம் இருண்டு தெரியும். இருபத்திரெண்டு நிமிஷம்னா ஒரு விரல் அகலத்துக்கு வளையம் இருக்கோணும். இதுல பாருங்க, நூல் அளவுதான் இருக்குது." அவள் டிஸ்க்கை மேசையில் வைத்தாள். "யாரும் மாத்தலைங்க. இது உங்க டிஸ்க்கேதான். எழுத ஆரம்பிச்சதுமே செத்துப்போச்சு."

ஜோஜோவுக்குப் பழம்பொரி தொண்டையில் நின்றது. "மேடம், நான் என் கண்ணால பாத்தேன். இந்த பிளேயர்ல போட்டு, யானை வந்து நிக்கது வரைக்கும் பாத்தேன். மாதா மேல சத்தியம்."

"நம்பறனுங்க. அன்னைக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க. எந்த வேகத்துல எழுதுனீங்க?"

"இருக்கதுலயே கூடுன வேகம். பதினாறு."

"அந்நேரம் கம்ப்யூட்டர்ல வேற என்ன ஓடுச்சு?"

ஜோஜோ யோசித்தார். "ஒரு கல்யாண வீடியோ ரெடியாயிட்டு இருந்துச்சு. ஒரு ஞானஸ்நான ஆல்பம் பிரிண்ட் போச்சு. ரெண்டு பாட்டு டவுன்லோட். பெறவு, கிரிக்கெட்."

"ஒரு அடுப்புல நாலு கொழம்பு, மேல ஒரு காப்பி," என்றான் பொன்ராஜ்.

"டிஸ்க் சுத்திட்டே இருக்கும். கம்ப்யூட்டர் விடாம எழுத்தை ஊட்டிட்டே இருக்கோணும். ஊட்டற கை வேற வேலைக்குப் போனா எழுத்து அறுந்துபோயிரும்," என்றாள் ஷஹ்லா. "சரி, பேரு எப்ப எழுதுவீங்க? டிஸ்க்கை உள்ளே போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஜோஜோ மேசை மேல் கிடந்த மார்க்கரைப் பார்த்தார்.

"முன்னாடிதான்," என்றார் ஜோஜோ. "எழுதி வச்சுட்டா ஒரு வேலை முடிஞ்சுச்சுல்லா."

"புள்ளை பெறுமுன்னே பேர் வெச்சாச்சு," என்றாள் ஷஹ்லா. "அந்தப் புள்ளை செத்துப்போச்சு. பேரு மட்டும் மேலேயே நின்னுக்கிச்சு. அப்ப உசுரோட பொறந்தது எதுல?"

ஜோஜோ மெல்ல எழுந்தார். முகத்தில் நினைவு வருவது, பழைய கம்ப்யூட்டர் உயிர் பெறுவதுபோல் பகுதி பகுதியாகத் தெரிந்தது. "முதல்ல போட்டது அடிபட்டுது. வெள்ளை டிஸ்க் அதோட தீந்துபோச்சு. பெறவு..." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்துக் காட்டினார். அதன் மேற்புறத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி சிரித்தது. கீழே 'ஜிஜோ - சிஞ்சு' என்று பூ எழுத்து. "இதுல போட்டேன் மேடம்! கல்யாணத்துக்கு அம்பது அடிச்சு வச்சேன். மாப்பிள்ளை வீட்டுல மிச்சம் வேண்டாம்னுட்டாங்க. அதுல ஒண்ணுலதான் யானையப் போட்டேன். நல்லா விழுந்துச்சு!"

"ரெண்டையும் எங்கே வெச்சீங்க?"

"இதே மேசை மேலதான். சிலுவைக்குப் போன் பண்ணி, மேசை மேல இருக்கு, எடுத்துக்கோன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டேன்."

எல்லோரும் சிலுவைராஜைப் பார்த்தார்கள்.

"ரெண்டு கெடந்துச்சு," என்றான் அவன், குரல் இறங்கி. "ஒண்ணுல எம் பேரு. ஒண்ணுல யாரோ பொண்ணு மாப்பிள்ளை. நான் எதை எடுப்பேன்?"

"பொண்ணு படம் போட்டத எடுத்துட்டு வீட்டுக்கு வந்திருந்தா, யானை மிதிச்சுதா ஜீப் மிதிச்சுதான்னு கேக்கவே வேண்டாம்," என்றாள் சிசிலி.

பொன்ராஜ் சிலுவைராஜின் தோளைத் தட்டினான். "டிஸ்க்கை மாத்துன களவாணியப் பிடிச்சாச்சு தாயி. இந்தா உக்காந்திருக்கு."

ஷஹ்லா ஜன்னல் பக்கம் திரும்பி, பிறகு திரும்பி வந்தாள். "அந்த ஜோடி டிஸ்க் எங்கேங்க? கம்ப்யூட்டர்ல படம் இருக்குதா?"

கம்ப்யூட்டரில் இல்லை. இடம் போதவில்லை என்று ஜோஜோ அன்றே அழித்துவிட்டார். கேமராவின் பதிவுப் பெட்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை தானே அழித்து எழுதிக்கொள்ளும். இன்று பதினெட்டு. உலகத்திலேயே அந்த யானை இருப்பது அந்த ஒரு டிஸ்க்கில்தான்.

"சாப்பிட்டுட்டு வந்தேன்," என்றார் ஜோஜோ, பாவ மன்னிப்புக் கூண்டில் நிற்பவர்போல. "மேசை மேல ஜோடி டிஸ்க் ஒண்ணு கெடந்துச்சு. மிச்சத்துல ஒண்ணு தவறி விழுந்திருக்குன்னு நெனச்சேன். கையில கெடச்ச மிச்சத்தோட சேத்து, வாசல் பெட்டியில தட்டிட்டேன்."

வாசல் பெட்டி என்றால் வட்டவடையில் எல்லோருக்கும் தெரியும். ஜோஜோ கெடுக்கும் டிஸ்க்குகள் எல்லாம் அதில் விழும். கேரட், பூண்டு, பட்டாணி போட்டவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நூலில் கட்டித் தோட்டத்தில் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், பறவை அண்டாது. பதினாறாம் வேகத்தில் எழுதுகிற ஜோஜோவின் புண்ணியத்தில் ஊரில் டிஸ்க்குக்குப் பஞ்சமே வந்ததில்லை.

"அந்தப் பெட்டிய யாரு எடுத்தா?" என்று கேட்டான் பொன்ராஜ்.

ஜோஜோ பதில் சொல்லுமுன் இன்னொரு பழம்பொரியை எடுத்தார். அதிலேயே பொன்ராஜுக்கு விளங்கிவிட்டது.

"சென்னிமலை அண்ணாச்சி," என்றார் ஜோஜோ.

*

மணி பதினொன்றேகால். சிலுவைராஜையும் சிசிலியையும் ஸ்டுடியோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இருவரும் மட்டும் போனார்கள்.

சென்னிமலையின் கேரட் தோட்டம் சாலையை ஒட்டிச் சரிவாக இறங்கியது. வரிசை வரிசையாகக் குச்சி நட்டு, நூல் கட்டி, டிஸ்க்குகள். எண்பதாவது இருக்கும். காற்றில் எல்லாம் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக மின்னின.

சாலையோர வரிசை மட்டும் மின்னவில்லை. அதில் தொங்கிய ஒவ்வொரு டிஸ்க்கிலிருந்தும் சென்னிமலை கைகூப்பிக்கொண்டிருந்தார்.

பொன்ராஜ் ஜீப்பைச் சரியாக நிறுத்தக்கூட மறந்தான். அவர் வார்டு தேர்தலில் நின்றபோது அடித்த வட்ட ஸ்டிக்கர்கள். தேர்தலில் அவருக்குக் கிடைத்த ஓட்டைவிட மிஞ்சிய ஸ்டிக்கர் அதிகம் என்று ஊரில் பேச்சு. பளபளக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் முகம். காற்று திருப்பியபோது மறுபக்கத்தில் ஜிஜோவும் சிஞ்சுவும் சிரித்தார்கள்.

"பதினேழு," என்றாள் ஷஹ்லா, எண்ணி முடித்து.

"யாருங்க அது கேரட் காட்டுக்குள்ளே?" என்று குரல் வந்தது. சென்னிமலை பனியனும் தலையில் துண்டுமாக வரப்பில் இறங்கிவந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் களைக்கொத்து.

"கோவிந்தாபுரமுங்க," என்றாள் ஷஹ்லா.

சென்னிமலையின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பக்கத்துப் புள்ளை! நானு உடுமலைப் பக்கம் அம்மிணி. உங்கூரு சந்தைக்கு வண்டி வண்டியா தக்காளி ஏத்தியிருக்கறேன். என்ன வேணும், சொல்லு."

"உங்க வளைவு விழுந்த படம் வேணுமுங்க. அது இந்த வரிசையிலதான் தொங்குது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மூடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பொன்ராஜ் அதைக் கவனித்தான். கோபம் வந்திருந்தால் இயல்பு. வந்தது பயம்.

"ஸ்டிக்கரை இந்தப் பக்கம் யாருங்க ஒட்டுனது?" என்று ஷஹ்லா அவர் மனைவியைக் கேட்டாள்.

"நாந்தேன் அம்மிணி. ஜீப்புல வர்ற டூரிஸ்ட்டுக பூராவும் கேரட்டையே வெறிச்சுப் பாத்துட்டுப் போகுது. கண்ணு பட்டுப் போவுதுன்னு, திருஷ்டிக்கு இவரு மூஞ்சியை ஒட்டுனேன். தோத்த மூஞ்சி, திருஷ்டிக்காச்சும் ஆகட்டுமே. அந்தப்பக்கம் புதுசாக் கட்டுன ஜோடி. அவிக மூஞ்சி மேல ஒட்டுனா ஆகுமா? அதுதேன் இந்தப்பக்கம் ஒட்டிப்போட்டேன். பாரு, கல்யாண ஊட்டு வாசலாட்ட இருக்குது."

பொன்ராஜ் அவசரமாகக் கேரட்டைப் பார்த்துக் குனிந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"ஸ்டிக்கரை உரிச்சா அடியில வளையம் தெரியும். பதினேழுல ஒண்ணுலதான் இருக்கும்," என்றாள் ஷஹ்லா.

"பதினேழு தடவை எம் மூஞ்சிய உரிப்பியா?" என்றார் சென்னிமலை. "தோத்திருந்தாலும் எம் மூஞ்சி அம்மிணி. நம்ம பக்கத்துப் புள்ளைன்னு ஒண்ணே ஒண்ணு குடுக்கறேன். எதுன்னு நீயே எடுத்துக்க. அதுல இல்லீனா பேசாம ஊடு போய்ச் சேரோணும். சரியா?"

பதினேழில் ஒன்று. பொன்ராஜுக்கு மணி பார்க்கப் பயமாக இருந்தது. எஸ்டேட் குலுக்கலில் அவன் வாழ்நாளில் ஒரு சோப்புப் பெட்டிகூட அடித்ததில்லை.

"தாயி, கண்ணை மூடிட்டு எடுப்பமா? இல்ல, எந்த அண்ணாச்சி நம்மளப் பாத்து முழிக்காரோ அதை எடுப்பமா?"

ஷஹ்லா எந்த அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. வரிசையின் மறுபக்கம் போய் ஜோடியின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள். பதினெட்டு நாளாக ஜீப்புகள் கிளப்பிய செம்புழுதி ஒவ்வொரு டிஸ்க்கிலும் லேசாகப் படிந்திருந்தது. ஜிஜோவும் சிஞ்சுவும் பதினேழு முறையும் கொஞ்சம் செம்மண் பூசிச் சிரித்தார்கள்.

பதினொன்றாவதில் நின்றாள்.

"பொன்ராசண்ணா, மாப்பிள்ளை நெத்தியைப் பாருங்க."

மாப்பிள்ளை ஜிஜோவின் நெற்றியில் புழுதி தடிப்பாக ஒட்டியிருந்தது. முட்டை வடிவம். உற்றுப் பார்த்தால் உள்ளே வரி வரியாக ரேகை.

"பொட்டு வச்சிருக்கான். சர்ச்சுக்குப் போற வேதக்கார மாப்பிள்ளை பொட்டு வைக்..." பொன்ராஜ் நிறுத்தினான். "பழம்பொரி!"

"மிச்ச டிஸ்க்கெல்லாம் பெட்டியில மொத்தமாத் தட்டுனது. அமுக்கித் தட்டுல வெச்சது ஒண்ணைத்தான். எண்ணெய் பட்ட இடத்துல புழுதி ஒட்டிக்கிச்சு." ஷஹ்லா சென்னிமலை பக்கம் திரும்பினாள். "இது ஒண்ணு போதுமுங்க."

சென்னிமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அவர் மனைவி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். ஷஹ்லா ஸ்டிக்கர் ஓரத்தில் தடவி ஊறவைத்து மெல்ல உரித்தாள். கைகூப்பிய கை போனது, சட்டை போனது, மீசை மட்டும் கடைசிவரை பிடிவாதமாக நின்றது. சோப்பு நீரில் கழுவியதும் ஊதாப் பரப்பில் ஒரு வளையம் தெரிந்தது. சரியாக ஒரு விரல் அகலம்.

பொன்ராஜ் ஆர்வத்தில் துண்டை எடுத்து வட்டமாகத் துடைக்கப் போனான். அவன் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"நடுவுல இருந்து வெளியே துடைக்கோணும். எழுத்து வட்டமா ஓடுது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தா பிளேயர் தாண்டிப் போயிரும். வட்டத்தோட சேந்து விழுந்தா அந்த இடமே போச்சு."

"அடிச்சு சொல்லித் தருதியே தாயி."

அவள் பக்கத்து வரிசையில் மின்னிய ஒரு டிஸ்க்கைத் திருப்பினாள். ஊதா போய், வெளிறிப்போயிருந்தது. "வெயில் பட்டா எழுத்து அழிஞ்சுபோயிருமுங்க. பதினெட்டு நாள் சும்மா தொங்கியிருந்தா யானை ஆவியாயிருக்கும். உங்க மூஞ்சிதான் குடை பிடிச்சு காப்பாத்தியிருக்குது."

சென்னிமலையின் மனைவி கணவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என் காட்டு டிஸ்க்கு," என்றார் கடைசியில். "நானும் வருவேன்."

*

பன்னிரண்டுக்கு ஸ்டுடியோ பிளேயரில் டிஸ்க் உள்ளே போனது. சுற்றியது. கரகரவென்று தேடியது. நீலத் திரை நீலமாகவே இருந்தது. சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவைராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் தட்டிவிடவில்லை.

திரையில் மங்கலாக வளைவு வந்தது.

பிறகு யானை வந்தது. அவசரமில்லாமல் வந்தது. வளைவின் இடது தூணைப் பார்த்தது. திரும்பி நின்று முதுகைத் தூணில் வைத்துத் தேய்த்தது. சுகம் கண்ட தேய்ப்பு. 'உபயம்' ஆடியது. 'சென்னிமலை' ஆடினார். இன்னொரு தேய்ப்பு. புழுதி.

"ஜெயிச்சோம்!" என்று சிலுவைராஜ் எழுந்தான்.

"இருங்க," என்றாள் ஷஹ்லா. "இன்னும் ஓடுது."

புழுதி அடங்கியது. திரையின் ஓரத்தில் ஒரு கதவு திறந்தது. தலையில் துண்டோடு ஒருவர் வெளியே வந்தார். யானையைக் கண்டார். யானை அவரைக் கண்டது. அவர் சட்டென்று, ஸ்டிக்கரில் இருந்ததுபோலவே, கைகூப்பினார். யானை தும்பிக்கையை லேசாகத் தூக்கியது. அடுத்த நொடி கதவருகில் ஆள் இல்லை. ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

ஷஹ்லா படத்தைத் தள்ளி ஓட்டினாள்; ஒன்பது நிமிடம் கழித்துத்தான் சிலுவைராஜின் ஜீப் வந்து, இருட்டில் தெரியாமல், கிடந்த இடிபாட்டில் மெல்ல முட்டியது.

ஜோஜோ திரையையும் சென்னிமலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி," என்றாள் சிசிலி, "இந்த வயசுலயும் நல்லாத்தான் ஓடுதீக."

சென்னிமலை நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனைதேன்னு எனக்குத் தெரியுமுங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "வார்டுல தோத்து ஒரு மாசம் ஆகலை. ஆசையாக் கட்டுன வளைவு. ஆனை தள்ளுச்சுன்னா ஊரு என்ன பேசும்? புள்ளையாரே நேர்ல வந்து சென்னிமலை பேரைத் தள்ளிப்போட்டாருன்னு பேசாதா? ஜீப்பு இடிச்சுதுன்னா அது வெறும் ஆக்சிடென்ட்டு."

"உங்க வெக்கத்துக்கு எங்க சோத்துல மண்ணா?" என்றான் சிலுவைராஜ்.

"தப்புதானப்பா." துண்டு மறுபடி முகத்துக்குப் போனது. "நானும் மூணாறு வாறேன். ஆபீசர்கிட்ட நானே சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க. படமும் வரும்," என்றாள் சிசிலி. "ஆம்பளைக வாய நம்பி இன்னொரு பதினெட்டு நாள் என்னால பைபிளத் தூக்கிட்டு அலைய முடியாது."

ஆபீஸுக்கு இரண்டு டிவிடி வேண்டும். இழுப்பறையில் ஜோடி டிஸ்க் நான்கு இருந்தது. மணி பன்னிரண்டே கால். ஜோஜோ சுட்டியைப் பிடித்தார். "பதினாறுல போட்டா சட்டுனு..."

"நாலுல போடுங்க," என்றாள் ஷஹ்லா. "நெட்டை நிறுத்துங்க. பிரிண்டரை நிறுத்துங்க. கிரிக்கெட்டையும்."

"கிரிக்கெட்டுமா?"

"கை கழுவிட்டு வாங்க."

பிறகு வட்டவடை சரித்திரத்தில் நடக்காத ஒன்று நடந்தது. ஜோஜோவின் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தது. மேசையை யாரும் தொடக் கூடாது. கதவை அறையக் கூடாது. ஆறு பெரியவர்கள் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பதுபோல நின்றார்கள். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. பொன்ராஜுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை ஓடி, வெளியே தலை நீட்டித் தும்மினான்.

முதல் டிஸ்க் வெளியே வந்தது. ஜோஜோ உறையை எடுத்தார்.

"இன்னும் இல்லைங்க. எழுதுனது சரிதானான்னு கம்ப்யூட்டரையே வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் இந்த பிளேயர்ல, கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளித் தள்ளி."

வாசித்தது. பிளேயரிலும் ஓடியது. யானை தேய்த்தது, வளைவு விழுந்தது, சென்னிமலை ஓடினார். இரண்டாவது டிஸ்க்கிலும் தேய்த்தது, விழுந்தது, ஓடினார். மூன்றாம் முறை ஓடியபோது அவரே லேசாகச் சிரித்துவிட்டார்.

மணி ஒன்றாக ஐந்து நிமிடம். பொன்ராஜ் ஜீப் சாவியை எடுத்தான். இரண்டு டிஸ்க்கிலும் ஜிஜோவும் சிஞ்சுவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைப் பாத்ததும் ஆபீசர் பிரியாணி எப்பம்னு கேக்கப் போறாரு தாயி."

ஷஹ்லா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இந்தத் தடவை நேராகவே சிரித்துவிட்டாள். பிறகு மார்க்கர் மூடியைத் திறந்தாள்.

"புள்ளை பொறந்தாச்சுங்க. இப்ப பேர் வெக்கலாம்."

ஜோடியின் காலடியில் வெறுமையாக இருந்த இடத்தில் தேதி எழுதினாள். 'சிலுவைராஜ்' என்று எழுதினாள். சிசிலி எட்டிப் பார்த்து எழுத்தைச் சரிபார்த்தாள். "படத்துல யாரெல்லாம் இருக்காங்கன்னும் எழுதணுமோ?" என்றார் ஜோஜோ, புதிதாகப் பொறுப்பு வந்தவராக.

மார்க்கர் ஒரு நொடி டிஸ்க்குக்கு மேலே நின்றது.

வளைவில் ஊர்ப் பேரைச் சாணாகவும் தன் பேரை முழமாகவும் எழுதிப் பார்த்த சென்னிமலை, கதவருகிலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"அதுல எம் பேரு மட்டும் வேண்டாம் அம்மிணி."

"சரி அண்ணாச்சி," என்றான் பொன்ராஜ். "யானைன்னு மட்டும் போட்டுக்கிடுவோம். அதுக்குப் பேராசை கிடையாது."